மூன்றாவது ஆள்

மாமனாரை இடப்பக்கம் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள் தாமரை. ரமணி வந்து அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. நான்கு வருடங்களில் அவள் அந்த வாசலைத் தாண்டியது ஏழெட்டு முறை இருக்கலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும், காலில் விழ.

"ஒரு ஆளு கழண்டுகிட்டான் தாமரை," என்றாள். "சிங்கப்பூர்ல கெடச்சிருச்சாம். இப்ப நானும் ஒரு சீனப் பையனும்தான்."

தாமரை துண்டைப் பிழிந்தாள். "ரெண்டு பேருன்னா ஒங்களுக்கு நல்லதுதானேக்கா?"

"என்னா நல்லது? மூணு பேரு இல்லன்னா இண்டர்வியூவே நடக்காதுலா."

ரமணி அவளுக்கு ஓரகத்தி. மூத்தவன் விஜயனின் மனைவி. பல்கலைக்கழகத்தில் ஆற்றுச் சேற்றைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடங்களாக ஒப்பந்த ஆராய்ச்சியாளர். டிசம்பர் வந்தால் ஒப்பந்தம் முடியும். ஜனவரியில் நீட்டிப்புக் கடிதம் வரும். இந்த வருடம் ஆராய்ச்சி மானியமே முடிகிறது. இனி நீட்டிப்பு இல்லை. அதற்குப் பதிலாக நிரந்தர ஆராய்ச்சி அதிகாரி பதவி ஒன்று வந்திருந்தது. ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டர் ஃபர்ஹானா மேலிடத்தில் கெஞ்சி அதை வாங்கியதே ரமணிக்காகத்தான். வாசலில் காவல் நிற்கும் ஜாகா வரைக்கும் எல்லாருக்கும் அது தெரியும். விளம்பரத்தில் போட வேண்டிய தகுதிகளை எழுதிக் கொடுத்தவளும் ரமணிதான். அறிவியலில் முதுகலை, சேற்றில் கன உலோகங்களை அளந்த அனுபவம், அமிலத்தில் கரைத்துப் பழக்கம். தன் அளவுக்குத் தைத்த சட்டை. அளவு அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் வேறு யாருக்கும் பொருந்தவில்லை. மூன்று விண்ணப்பங்கள்தான் வந்தன. அதில் ஒன்று இப்போது போய்விட்டது.

மூன்று பேராவது வந்து உட்காராவிட்டால் அது போட்டியாகாது என்பது அங்கே விதி. மறுபடி விளம்பரம் போட வேண்டும். டிசம்பருக்குள் ஆள் நிரப்பாத பதவியை மேலிடம் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் இருக்கு," என்றாள் ரமணி. "நீ ஒரு ஃபாரம் போடு."

தாமரை கையை நிறுத்தினாள்.

"சும்மா வந்து ஒக்காந்தாப் போதும். கணக்குக்கு ஒரு ஆளு. டாக்டரே கேட்டாங்க, தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களான்னு."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. சுவரைப் பார்த்துக் கிடந்த சபாபதியின் குரல். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. நாக்கு மட்டும் விழவில்லை. "என்னா ரகசியம் அங்க? பொணத்துக்குக் காது கேக்காதுன்னு நெனப்பா?"

"ஒண்ணுமில்ல மாமா. வேலை விசயம்."

"ரெண்டு பட்டதாரியும் வேலைக்குப் போயிட்டா எனக்குக் கழுவி விடுறது யாரு? பக்கத்து வீட்டுப் பூனையா?"

தாமரையை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டதாரிதான். கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்பவர்களை மேலேயிருந்து அதட்டியே பழகிய தொண்டை. பேம்பர்ஸ் மாற்றும்போது ஒருநாள் சொன்னார்: "நீ படிச்ச சேறும் நான் போடுற சேறும் ஒண்ணுதான் பட்டதாரி. அதுக்குச் சம்பளம் உண்டு, இதுக்கு இல்ல." சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார். அவள் கணவன் லோகன் வீட்டுக்கு வந்தபோது அவனிடமும் சொல்லிச் சிரித்தார். லோகனும் சிரித்தான்.

ரமணி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு நிரந்தரமாயிட்டா மாமாவப் பாத்துக்க ஒரு இந்தோனேசியா அம்மாவ வேலைக்கு எடுத்துரலாம். நீயும் வெளிய போலாம். எங்க லேப்லயே ஒனக்கு ஏதாச்சும் பாத்துத் தரேன். சத்தியமா."

நான்கு வருடத்தில் யாரும் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

*

தாமரை செந்தூல் அடுக்குமாடியில் வளர்ந்தவள். இதே ஆய்வுக்கூடத்தில்தான் முதுகலை செய்தாள். ரமணி அப்போது அங்கே புதிது. வாயாடாமல், மணிக்கணக்கில் சேறு சலித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, கொழுந்தன் லோகனுக்குப் பேசி முடித்தவள் ரமணிதான். கல்யாணமாகி எட்டாம் மாதம் சபாபதி குளியலறையில் விழுந்தார். மாமியார் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். விஜயனுக்குக் கப்பல் கம்பெனியில் அலுவலக வேலை. ரமணிக்கு ஆய்வுக்கூடம். லோகன் துறைமுகத்திலிருந்து ஜொகூருக்கு டிரெய்லர் லோரி ஓட்டுபவன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். தாமரை அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஆறு மாசம்தான், அப்புறம் ஏதாவது பண்ணிக்கலாம் என்றார்கள். தாமான் செந்தோசாவில் அந்த வீட்டின் முன்னறையில் அவளுடைய ஆறு மாதம் நான்கு வருடமாயிற்று.

விண்ணப்பத்தை ரமணியே தட்டச்சு செய்தாள். இப்போதைய வேலை என்ற இடத்தில் 'இல்லை' என்று அடித்தாள். தாமரை பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன கேட்டாலும் மறந்துபோச்சுன்னு சொல்லு," என்றாள் ரமணி. "வீட்ல இருக்கேன், மாமனாரப் பாத்துக்கிறேன், நாலு வருசமாச்சுன்னு சொல்லு. பாவப்பட்டு அஞ்சு நிமிசத்துல அனுப்பிருவாங்க."

"சரிக்கா."

"ரொம்ப மக்கு மாதிரியும் பேசாத. அப்பறம் இவள எதுக்குக் கூப்ட்டீங்கன்னு டாக்டரக் கேப்பாங்க. நடுவுல இரு."

"நடுவுலன்னா?"

"இப்ப எப்டி இருக்க? அப்டியே இரு."

உடுத்திக்கொண்டு போகத் தன்னுடைய பஞ்சாபி உடை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள். சாம்பல் நிறம், வெளுத்தது. தாமரை அதைத் துவைத்துக் காயப்போட்டாள். நவம்பர் மழை. மூன்று நாள் காயாமல் கொல்லைக் கொடியில் தொங்கி, ஈரவாடை அடித்தது.

மாமனார் மதியக் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கும் ஒன்றரை மணி நேரம் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அலமாரியின் மேலே துணிப்பைக்குள் இருந்த தன் பழைய குறிப்பேடுகளை அந்த நேரத்தில் தாமரை எடுத்துப் படித்தாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. காய வை, சலி, நிறு, அமிலம் ஊற்று, சூடாக்கு, வடிகட்டு. கஞ்சிப் பானை தேய்க்கும்போதும் அது வாயில் ஓடியது. இரண்டாம் நாளே எல்லாம் திரும்பி வந்துவிட்டது. தன் மூளை இவ்வளவு நாளும் எங்கும் போய்விடாமல் இங்கேயேதான் இருந்திருக்கிறது என்பது அவளுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு கோபமாக வந்தது.

அவளுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். போன வருடம் தீபாவளிக்கு முறுக்கு மாவு சலிக்க மாமியாரின் பித்தளைச் சல்லடையைத் தேடினாள். சமையற்கட்டு முழுக்கக் கவிழ்த்தும் கிடைக்கவில்லை. மாலையில் வந்த ரமணி சிரித்தாள். அது லேபில் இருக்கிறது என்றாள். அங்கிருந்த பிளாஸ்டிக் சல்லடை உடைந்துவிட்டதாம். புதிது வாங்க மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதி வாங்கி, மேலே அனுப்பி, அது ஐந்து மாதமாகியும் வரவில்லை. மண் காய்ந்துபோய்க் காத்திருக்கிறது. வீட்டிலிருந்ததை எடுத்துப் போய்விட்டாள். புதிது வந்த பிறகும் இதுவே கைக்குத் தோதாக இருந்ததால் விட்டுவிட்டாள். சிப்பியும் குச்சியும் பொறுக்கத்தானே, எதில் சலித்தால் என்ன என்றாள்.

செம்பையும் துத்தநாகத்தையும் ஆற்று மண்ணில் அளக்கிறவள், செம்பும் துத்தநாகமும் கலந்து செய்த கம்பி வலையில் அந்த மண்ணைத் தேய்க்கிறாள். தாமரைக்கு அப்போதே அது புரிந்தது. அவள் பிளாஸ்டிக் வடிகட்டியில் மாவைச் சலித்தாள். முறுக்கு உடைந்து உடைந்து வந்தது. சபாபதி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பட்டதாரி முறுக்கு, பல்லில்லாதவனுக்குத் தோதாக இருக்கிறது என்றார்.

அவள் ரமணியிடம் எதுவும் சொல்லவில்லை.

*

நேர்காணல் அன்று லோகன் விடுப்புப் போட்டு வீட்டில் இருந்தான். அப்பனுக்கு எத்தனை மணிக்கு என்ன என்று தாமரை நான்கு முறை சொன்னாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். இரண்டு பெண்களும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினார்கள். வழியில் ரமணி மிகவும் பிரியமாக இருந்தாள். நெற்றிப்பொட்டைச் சரிசெய்துவிட்டாள். சுபாங் ஜெயாவில் இறங்கி, பேருந்துக்குக் காத்திருந்தபோது ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தாள். ஈரவாடை அடித்த உடையின்மேல் தன் சென்ட்டையும் இரண்டு முறை பீய்ச்சினாள்.

முதலில் ரமணியைக் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அடுத்துச் சீனப் பையன். பினாங்கிலிருந்து அன்று விடியற்காலைதான் வந்து இறங்கியவன், கழுத்துப்பட்டையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் தாமரை.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். டாக்டர் ஃபர்ஹானா அவளை அடையாளம் கண்டு புன்னகைத்தார். நடுவில் வேறு துறையிலிருந்து வந்த நரைத்த பேராசிரியர். இன்னொருவர் நிர்வாகத்திலிருந்து வந்தவர், அடிக்கடி கடிகாரம் பார்த்தார். நான்கு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னாள். பாவம் என்பதுபோல் மூவரும் தலையசைத்தார்கள். ரமணி சொன்ன ஐந்து நிமிடம் முடிந்தது.

நரைத்தவர் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். எல்லாருக்கும் காட்டிய அதே படம் என்றார். ஆய்வுக்கூடத்தின் சொந்த ஆறு வருட அளவுகள். மலையிலிருந்து முகத்துவாரம் வரை ஆற்றில் பத்து இடங்கள். கடைசி இரண்டு வருடங்களில் செம்பும் துத்தநாகமும் சரசரவென்று ஏறியிருந்தன. ஆறு ஏன் இப்படிக் கெடுகிறது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். முன்னால் வந்த இருவரும் தொழிற்சாலைகள் என்று சொல்லியிருந்தார்கள். ரமணி அதை இரண்டு கட்டுரைகளாகவும் எழுதியிருந்தாள்.

மறந்துபோச்சு சார் என்று சொல்லலாம். அதற்குத்தான் வந்திருந்தாள். சொன்னால் ரமணிக்கு வேலை கிடைக்கும். இந்தோனேசியா அம்மா வருவாள், அல்லது வரமாட்டாள். ரமணியின் சத்தியத்தைப் பற்றி அவள் யோசித்தாள். வாசலைத் தாண்டாத அந்தக் கால்களைப் பற்றி யோசித்தாள். பிற்பாடு அவள் யாரிடமாவது வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது வாய் தவறி வரவில்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

ஆறு கெடவில்லை என்றாள். அணைக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் இடத்திலும் அளவு ஏறியிருக்கிறது, அங்கே தொழிற்சாலை ஏது என்றாள். ஈயம் ஏறவில்லை, காட்மியம் ஏறவில்லை. இந்த இரண்டு மட்டும், எல்லா இடத்திலும், ஒரே விகிதத்தில்.

"அது பித்தளை," என்றாள். "மண்ணு லேபுக்கு வந்தப்பறம் ஏறியிருக்கு. சல்லடையப் பாருங்க."

டாக்டர் ஃபர்ஹானாவின் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிர்வாகத்திலிருந்து வந்தவர் கடிகாரம் பார்ப்பதை நிறுத்தினார்.

திரும்பி வரும்போது ரயிலில் ரமணி கேட்டாள்: "ஒன்ன என்னா ரொம்ப நேரம் வச்சிருந்தாங்க?"

"ஏதோ படம் காட்டுனாங்கக்கா."

"மறந்துபோச்சுன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

ரமணி அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஷா ஆலாம் தாண்டியதும் மழை பிடித்தது. கிள்ளான் வரும்வரை கையை விடவில்லை.

*

பதினோராம் நாள், சனிக்கிழமை மாலை, எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். தாமரை தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து வைத்தாள். யாரும் கோப்பையைத் தொடவில்லை. ரமணி காலையிலிருந்தே அழுது முகம் வீங்கியிருந்தாள். டாக்டர் ஃபர்ஹானா முந்தின நாளே அவளைக் கூப்பிட்டு, வேலை யாருக்கு என்பதையும் சல்லடை விஷயத்தையும் சொல்லியிருந்தார்.

விஜயன் தொண்டையைச் செருமினான். "தாமரை, யாரும் ஒன்னக் கொற சொல்லல. நல்லாப் பேசியிருக்க. சந்தோசம். ஆனா அது யாருக்குன்னு வந்த வேலைன்னு ஒனக்கே தெரியும். வேணாம்னு ஒரு மெயில் போட்டுரு. அடுத்த பேரு ரமணி. முடிஞ்சுபோச்சு."

"அடுத்த பேரு அக்கா இல்ல அத்தான்," என்றாள் தாமரை. "அந்தச் சீனப் பையன். டாக்டர் போன்ல சொன்னாங்க."

விஜயன் மனைவியைப் பார்த்தான். ரமணி அதை மறுக்கவில்லை. அவள் அதை அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"நேத்தே சரின்னு போட்டுட்டேன்," என்றாள் தாமரை.

லோகன் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, சிக்கல் என்னவென்று யாராவது எனக்கும் சொல்லுங்களேன் என்றான். ரமணி தாமரையை மட்டும் பார்த்தாள்.

"அந்தச் சல்லடை. எப்ப தெரியும் ஒனக்கு?"

"போன தீபாவளிக்கு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? ஒரு வருசம் தாமரை. ரெண்டாவது கட்டுரை அப்பறம்தானே போச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கிப் போட்டிருப்பேன்."

"நீங்க எங்கிட்ட எதையும் கேட்டதில்லையேக்கா."

"கேட்டாத்தான் சொல்லுவியா?"

"முறுக்கு சரியா வரலன்னு சொன்னேன். ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது."

அப்போது முன்னறையிலிருந்து சபாபதி குரல் கொடுத்தார். "யாருக்குலா கெடச்சிச்சு?"

அவர் கட்டில் கம்பியை இடக்கையால் தட்டினார். "காதுல விழலயா? வேலை யாருக்கு?"

"தாமரைக்குப்பா," என்றான் விஜயன்.

முன்னறையிலிருந்து சிரிப்பு கிளம்பியது. கிரேன் மேலிருந்து சிரித்த அதே சிரிப்பு. "அட பெரியவளே! கணக்குக்குக் கூட்டிட்டுப்போன ஆளு ஒன்ன கவுத்திருச்சா? இப்ப அவ பையத் தூக்கிட்டுப் போவா, நீ எனக்குப் பேம்பர்ஸ் மாத்து. வா, வா. கைய நல்லாக் கழுவிட்டு வா." இருமல் வரும்வரை சிரித்தார். வழக்கமாக இருமினால் தாமரை ஓடிப்போய் நெஞ்சைத் தடவி விடுவாள். அன்று எழுந்திருக்கவில்லை. இருமல் தானாக அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான்கு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ரமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் வேலை இருக்கு," என்றாள். "இவளுக்கு எல்லாத்தையும் காட்டிக் குடுக்கணுமாம். டாக்டர் உத்தரவு. அதுவரைக்கும் ஒரு எடம் பாருங்க."

"எடம்னா?" என்றான் லோகன்.

"வயசானவங்கள வச்சிப் பாக்குற எடம். ஆள் எடுக்கப் பெர்மிட்டுக்கு ஆறு மாசம் ஆகும். அஞ்சு வாரம்தானே. மேரு ரோட்டுல ஒண்ணு இருக்கு."

அவளுக்கு இடம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. தாமரை அதைக் கவனித்தாள். ரமணியும் தாமரையின் முகத்தைக் கவனித்தாள். ஏதாவது சொல்வாளா என்று பார்த்தாள். தாமரை ஆறிப்போன கோப்பைகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். அந்த வீட்டில் இருவரும் ஒரே மனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

*

மேரு ரோட்டில் ஓர் இரட்டை மாடி வீடு. கூடத்தில் ஒன்பது கட்டில்கள், டெட்டால் வாடை, சத்தமாக ஓடும் தொலைக்காட்சி. நடத்துகிற புஷ்பவல்லி வாசலுக்கே வந்து, வாங்க அப்பா என்று கும்பிட்டு அழைத்துப்போனாள். சபாபதி கட்டிலில் கிடத்தப்பட்டதும் சுற்றிப் பார்த்தார். மெத்தை கல்லாக இருக்கிறது, இந்த ஃபேன் சுத்துதா இல்ல யோசிக்குதா என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரிக்கவில்லை. துணி மாற்ற வந்த வேலையாளைச் சபாபதி அதட்டினார். புஷ்பவல்லி சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வாய் இருக்கு," என்றான் விஜயன் சங்கடத்தோடு.

"பரவால்லண்ணே. எல்லாம் பழகிருவாங்க."

டிசம்பர் முழுவதும் இரண்டு பெண்களும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் வந்தார்கள். இருக்கை கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. ரமணி எதையும் மறைக்காமல் காட்டிக் கொடுத்தாள். எந்த அடுப்பு பத்து டிகிரி பொய் சொல்லும், எந்தக் குழாயை இரண்டு முறை திறக்க வேண்டும், படகுக்காரனுக்கு முந்தின நாளே எப்படி நினைவூட்ட வேண்டும், எல்லாம். டாக்டர் ஃபர்ஹானா இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெறக் கடிதம் எழுதினார். பித்தளையில் சலித்த மண் அத்தனையையும் கழிக்கச் சொன்னார். இருநூற்று நாற்பது போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ரமணியின் கையெழுத்தில் தேதியும் இடமும் இருந்தன. ரமணி மூடியைத் திறந்து பேரைப் படித்தாள். தாமரை பட்டியலில் கோடு போட்டாள். மண்ணைக் கறுப்புப் பையில் கொட்டினார்கள். இரண்டு நாள் ஆயிற்று. தூசி மூக்கில் ஏறி இருவருக்கும் தும்மல் வந்தது. அறுபதாவது போத்தலுக்கு மேல் ரமணி அழுவதை நிறுத்திவிட்டாள்.

கடைசி நாள் ரமணி தன் வெள்ளை அங்கியை மடித்து மேசைமேல் வைத்தாள். "ஒன்ன பொண்ணு பாத்துக் கூட்டிட்டு வந்தது நான்தான்," என்றாள். "வாயில்லாத பொண்ணுன்னு நெனச்சேன்." பிறகு சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜனவரியில் ரமணி வீட்டில் இருந்தாள். காலையில் எழுந்து பசியாறிவிட்டு, முன்னறையைத் தாண்டிப் போய்க் கொல்லையில் துணி காயப்போட்டாள். முன்னறைக் கட்டில் காலியாகக் கிடந்தது. ஐந்து வாரம் ஏழு வாரமாயிற்று. யாரும் பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் லோகன்தான் சாப்பிடும்போது கேட்டான், அப்பாவை எப்போது கூட்டி வருவது என்று.

"யாரு பாத்துக்குறது?" என்றாள் ரமணி.

"நீங்கதான் இப்ப வீட்ல இருக்கீங்களே அண்ணி."

"நான் வேலை தேடிக்கிட்டு இருக்கேன்." அவள் கெம்போங் மீனின் முள்ளை நிதானமாக எடுத்தாள். "அவரப் பாத்துக்கத் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா. வேலைய விட்டுட்டு வந்து பாக்கட்டும். நான் வேணாம்னா சொல்றேன்?"

விஜயன் தொலைக்காட்சியைப் பார்த்தான். லோகன் தாமரையைப் பார்த்தான். தாமரை இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் தனியாக மேரு ரோட்டுக்குப் போனாள். புஷ்பவல்லி அவளைத் தன் மேசையில் உட்காரவைத்து, நீண்ட நாள் இருப்பவர்களுக்கு என்று ஒரு தாளைக் கொடுத்தாள். சாப்பாடு, மருந்து, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். தாமரை எழுதினாள். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்ட வேண்டும், கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருந்தால் புரையேறாது, மாத்திரையை எதில் கரைக்க வேண்டும். நான்கு வருடம் அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது. புஷ்பவல்லி படித்துப் பார்க்காமல் அதை இழுப்பறையில் போட்டாள்.

சபாபதி மல்லாந்து கிடந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. தலையை மொட்டை அடித்திருந்தார்கள். தாமரை போர்வையை விலக்கியதும், யாரும் சொல்லாமலே இடக்கையால் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக் கொடுத்தார். வீட்டில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். அவள் கையில் இருந்தவரை அவர் உடம்பில் ஒரு கீறல்கூட வந்ததில்லை. எத்தனை நாள் புரட்டாமல் போட்டிருந்தால் இவ்வளவு ஆகும் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும்.

"எப்டி மாமா பாத்துக்கிறாங்க?"

"நல்லா பாத்துக்கிறாங்கம்மா," என்றார் சத்தமாக. கண்கள் அவளைத் தாண்டிப் புஷ்பவல்லியின் மேசைக்குப் போயின. "நேரத்துக்குச் சாப்பாடு. கொறயே இல்ல."

வேலையாள் கஞ்சி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான். தாமரை ஊட்டினாள். கரண்டி வருவதற்கு முன்பே வாயைத் திறந்து வைத்திருந்தார். சிந்தியதை நாக்கால் தேடி எடுத்தார். முடிந்ததும் அவள் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள். அவர் அவள் துப்பட்டாவின் முனையைப் பிடித்தார்.

"தாமரை."

அவள் குனிந்தாள்.

"நான் ஒண்ணும் பேசமாட்டேன். வாயத் தொறக்கவே மாட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும்மா."

அவர் விரல்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். நான்கு வருடப் பழக்கத்தில் அது மெதுவாகவும் வலிக்காமலும் நடந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரேன் மாமா. பேசிக்கலாம்."

அவர் தலையாட்டினார். ஞாயிறு, ஞாயிறு என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஆற்றில் நீர் வற்றும் நேரம் காலை எட்டு மணி. படகுக்காரனிடம் அவள் இங்கே வருவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமையே சொல்லிவைத்திருந்தாள். பத்து இடங்களிலும் புதிதாகச் சேறு அள்ளி முடிக்க அந்தி சாய்ந்துவிடும்.